வீட்டுக்கார அம்மா முகம் மாறியது ஏன்?

மதுரையிலிருந்து பினாங்குக்கு வந்த புதிதில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் "நாமெல்லாம் கெலிங்தானே" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை என்கிறீர்கள். பேசமாட்டார்தான்.

கெலிங் என்பது இந்தியர்களைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல். அகராதிப்படி உங்கள் மேல் தப்பில்லை. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் 'பெனுவா கெலிங்' என்றால் இந்திய நாடு, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசல் எழுந்தபோதும் அது வசவு இல்லை. முன்பு பிட் ஸ்திரீட்டாக இருந்த தெருவுக்கும் இன்று அந்தப் பெயர்தான்.

ஆனால் இன்று ஆளைப் பார்த்துச் சொன்னால் வேறு கதை, அது வசவு. ஆறாம் வகுப்பில் பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து ஒருவன் அதை என்மேல் எறிந்தான். நான் திரும்பவில்லை, காது மட்டும் சுட்டது. இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் காதுதான் சூடாகிறது, அர்த்தமெல்லாம் அப்புறம். சொல்பவர் தமிழர் என்றாலும் அப்படித்தான்.

"ஆண்ட்டி, தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க." இது போதும். கலிங்கக் கதையை மட்டும் அவரிடம் எடுக்காதீர்கள், வாதாடுவது போல் ஆகிவிடும். போகும்போது நாலு வடை வாங்கிப் போங்கள்.