நாட்டுச் சர்க்கரைப் பாலும் கறுத்த முன்பற்களும்

கேள்வி: நாங்கள் கோபி பக்கம்ங்க. பையனுக்கு நாலு வயசு. மேல் முன்பல் நாலும் கறுத்து உதிர்கிறது. வெள்ளைச் சர்க்கரை வீட்டுக்குள்ளேயே வராது. அம்மாயி நாட்டுச் சர்க்கரை கலந்துதான் ராத்திரி பாட்டிலில் பால் தருகிறார். பல்லில் பூச்சி எடுக்கும் ஆளிடம் கூட்டிப் போகலாமா? விழுந்து முளைக்கிற பல்தானே, விட்டுவிடலாமா? தர்மபுரியில் இருக்கும் நாத்தனார் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஃபுளோரைடால் பல்லெல்லாம் கறை. அதனால் ஃபுளோரைடு பேஸ்ட் வாங்கவும் பயம்.

பதில்: அம்மணி, முதலில் அந்த ராத்திரி பாட்டிலை நிறுத்துங்கள். இன்றைக்கே.

பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்கு இந்த நாலு பல்தான் முதலில் போகும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கேதான் வந்து தேங்கும். மேல் முன்பல்லுக்கு அந்தக் காவல் இல்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைந்துவிடுவதால், இனிப்புப் பால் விடிய விடியப் பல்லிலேயே நிற்கிறது.

அம்மாயி பாசத்தோடுதான் தருகிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் கவுந்தப்பாடியில் பார்த்துப் பார்த்து வாங்கிய சர்க்கரையானாலும், கருப்பட்டியானாலும், பல்லைப் பொறுத்தவரை அது சர்க்கரைதான். பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் (முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்) அதைத் தின்று அமிலத்தைக் கக்கும். வாயில் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதைப் பாருங்கள். நோம்பிக்குச் சுட்ட ஒப்புட்டைச் சோற்றோடு சேர்த்து ஒரே தடவையில் சாப்பிடட்டும். ஒரு பொட்டலம் மிட்டாயைப் பொழுதெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

பல்லுக்குள் புழு எதுவும் இல்லை. எடுத்துக் காட்டுவது வித்தை. போகாதீர்கள்.

பால் பல்லை விட்டுவிடலாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்பல் 6-லிருந்து 8 வயதுக்குள் விழுந்துவிடும், சரி. பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை மெல்ல வேண்டும். சொத்தை வேர் வரை இறங்கிச் சீழ் வைத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் கெடலாம். இன்னொன்று: 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துப் பறிகொடுக்கும் வீடுகள் ஏராளம்.

உங்கள் ஃபுளோரைடு பயம் நியாயமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரை, பல் உருவாகும் வயதில் வருடக்கணக்கில் குடித்தால் கறை வரும். ஆனால் பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம். டியூபில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருப்பதை வாங்கி, பட்டாணி அளவு வைத்து, காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே தேய்த்துவிடுங்கள். நாலு வயசுப் பிள்ளைக்குத் தானாகத் தேய்க்க வராது. துப்பட்டும், விழுங்க விடாதீர்கள். குடிப்பது போர் தண்ணீர் என்றால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சாம்பல், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும்.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறில் கொப்புளமோ, கன்னத்தில் வீக்கமோ, காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.