இடி கொண்டுபோன இருவர்

கேள்வி: நம் காலத்து ஆள் பழங்காலத்துக்குப் போனதும் துப்பாக்கி, வெடிமருந்து என்று செய்து ராஜாவாகிவிடுகிறான். காலப்பயணக் கதைகளில் நம்பும்படி எழுதியவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் படித்தவைதான் சரியில்லை. திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டவன், காசும் உறவும் இல்லாமல் அயலூரில் இறங்கிய குடியேறி. அப்படி எழுதியவர்கள் ஸ்பிராக் டி கேம்ப், போல் ஆண்டர்சன் (Poul Anderson) என்ற இரு அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர்கள்.

டி கேம்ப்பின் 'லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்' (புத்தகமாக 1941) நாயகன் பேட்வே, கி.பி. 535இன் ரோமில் விழுகிறான். தொல்லியல்காரன், லத்தீன் தெரியும். பாதி விசா அதுவே. முதலில் ஒரு சிரிய வங்கியாளரிடம் கடன் வாங்குகிறான். குமாஸ்தாக்களுக்கு அரபு எண்களும் ஒவ்வொரு வரவுசெலவையும் இரு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கும் கற்றுக்கொடுக்கிறான். பிறகு செம்புக் கலத்தில் திராட்சை மதுவை வடித்து பிராந்தி விற்கிறான். பலிக்கக் காரணம் உண்டு: மது அங்கேயே இருக்கிறது, செம்பு தட்டத் தெரிந்தவன் இருக்கிறான், குடிக்க ஆளுக்கும் குறைவில்லை. மதுவிலுள்ள ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும், தண்ணீருக்கு 100 வேண்டும்; அதனால் அதைத் தனியே பிரிக்கலாம். அவன் கொண்டுபோன சரக்கு அந்த வித்தை மட்டுமே. கடிகாரமும் வெடிமருந்தும் பீரங்கியும் அவனுக்குக் கைகூடவே இல்லை. பல்சக்கரத்தைத் துல்லியமாக வெட்டும் கருவியும் கையும் அந்த ஊரில் ஏது?

ஆண்டர்சனின் 'தி மேன் ஹூ கேம் எர்லி' (1956) இன்னும் கறார். ஐஸ்லாந்தில் பணியிலிருந்த அமெரிக்கச் சிப்பாய், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பின்னே போகிறான். (இருவரையும் அனுப்பியது இடிதான். இயந்திரத்தை வருணிக்கும் தொல்லை மிச்சம்!) பொறியியல் படிப்பு பட்டறையில் உதவவில்லை. சண்டையில் ஒருவனைச் சுட்டுவிடுகிறான். அங்கே கொன்றவன் அதை உடனே ஊரறியச் சொல்லியாக வேண்டும், மறைத்தால்தான் பாதகம். இவனுக்கு அது தெரியாது; பரிந்து பேசச் சொந்தமும் இல்லை. தோட்டா தீர்ந்ததும் கதை முடிகிறது.

கூட்டமாகப் போனால்? ராபர்ட் சில்வர்பெர்க்கின் 'தி டைம் ஹாப்பர்ஸ்' (1967) பாருங்கள். நெரிசல் தாங்காத 25ஆம் நூற்றாண்டு ஜனங்கள் பின்னோக்கி ஓடுகிறார்கள். அரசால் தடுக்கவும் முடியவில்லை: அவர்கள் வந்து சேர்ந்தது பழைய பதிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தடுத்தால் வரலாறே கலையும்.

அவருடைய 'ஹாக்ஸ்பில் ஸ்டேஷ'னில் குடிபெயர்வே தண்டனை. அரசியல் கைதிகளைச் சுமார் ஐம்பது கோடி ஆண்டு முந்தைய கேம்பிரியன் யுகத்துக்கு ஒருவழிப் பாதையில் தள்ளிவிடுகிறார்கள். தரையெல்லாம் வெறும் பாறை, சாப்பாட்டுக்குக் கடலின் ட்ரைலோபைட் (இன்று அழிந்துபோன, ஓடுள்ள கடலுயிர்). எல்லோரும் ஆண்கள். பெண் கைதிகளுக்கு வேறொரு யுகம்.