சிங்கம் இல்லாத ஏரிக்கு எதற்குப் போக வேண்டும்?

போன இதழில் உகாண்டாவின் ம்புரோ ஏரி தேசியப் பூங்காவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்தே கடிதம் மேல் கடிதம். நானும் அந்தக் கரைக்காரன்தான், அதனால் இந்தத் தடவை இடம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: என் மூத்த மகன் கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறான். வருகிற டிசம்பர் கடைசியில் நானும் அவன் வாப்பாவும் மூன்று வாரம் அங்கே போகிறோம். அவனுக்கு இரண்டு நாள்தான் லீவு. "ம்புரோ ஏரிக்குப் போவோம் உம்மா, கிட்டதான்" என்கிறான். தெரிந்தவர்களோ, "அங்கே சிங்கமே கிடையாது, காசுக்குப் பிடித்த கேடு" என்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி வேறு. அவருக்கு வயது 63. என்ன செய்யட்டும்?
(கீழக்கரை வாசகி)

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. சிங்கத்தைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகிற இடமில்லை அது, யானையும் கிடையாது. ஆனால் அவை இல்லாத காரணத்தால்தான் அங்கே வண்டியை விட்டு இறங்கி, துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர் முன்னால் போக, புல்லுக்குள் நடந்தே வரிக்குதிரைக் கூட்டத்தைப் பார்க்க முடிகிறது. பேர் பெற்ற பெரிய பூங்காக்களில் பாதி நேரம் நாம் பார்ப்பது முன்னால் நிற்கிற ஜீப்பின் முதுகைத்தான். அதோடு கம்பாலாவிலிருந்து 240 கிலோமீட்டர் அளவுதான், நாலு மணி நேரம். கீழக்கரையிலிருந்து திருச்சிக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் லீவை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. உள்ளே போகும் சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும். காலையில் கம்பாலாவில் கிளம்பி மதியம் இரண்டு மணிவாக்கில் வாசலைத் தாண்டினால், அன்று சாயங்காலம் படகு, மறுநாள் விடிகாலை நடை, இரண்டும் ஒரே சீட்டில் முடிந்துவிடும். அவசரப்பட்டு முதல் நாள் காலை பத்து மணிக்கே உள்ளே போய்விட்டால் மறுநாள் காலை நடையை முடிக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கட்டணம் வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு ஒன்று, அங்கேயே தங்கி வேலை பார்க்கிற வெளிநாட்டவருக்கு ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு ஒன்று. மகன் தன் வேலை அனுமதிச் சீட்டை மறக்காமல் எடுத்து வந்தால் அவருக்காவது மிச்சம்.

முழங்கால் வலிக்கு நடை வேண்டாம், அது மகனோடு போகட்டும். நீங்கள் ருவோன்யோ துறையில் படகில் ஏறுங்கள். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கரையோரம் முழுக்க நாணல் அடர்ந்து கிடக்கும், அதன் இடுக்கில் நீர்யானைகள். முதலில் தெரிவது இரண்டு காது, அப்புறம் இரண்டு கண், அப்புறம் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு நீர்த்தூவல், பின்னாலேயே ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி மாதிரி ஓர் உறுமல். நான் போன அன்று படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார், படகிலிருந்த எட்டுப் பேரும் மூச்சு விடவில்லை, ஒரு குட்டி மட்டும் தாயின் முதுகில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. பக்கத்திலேயே ஒரு காய்ந்த மரத்தில் வெள்ளைத் தலை மீன்கழுகு. அது கூப்பிடும்போது தலையைப் பின்னுக்கு முழுசாகச் சாய்த்துக்கொள்ளும். பாம்பன் பாலத்து மேலே சுற்றுகிற நம் செம்பருந்துக்கு அந்த ஜம்பம் கிடையாது.

வழியில் மசாகா சாலையில் கயாப்வே என்ற இடத்தில் பூமத்திய ரேகை குறுக்கே போகிறது. வெள்ளை வளையத்துக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு வடக்கே ஒரு பக்கமும் தெற்கே மறுபக்கமும் சுழலுவதாகக் காட்டிக் காசு கேட்பார்கள். அது கை வித்தை. பத்தடி தூரத்தில் பூமி அப்படியெல்லாம் மாறாது. வித்தை என்று தெரிந்தே காசு கொடுப்பதானால் கொடுங்கள், நானும் கொடுத்தேன்.

டிசம்பர் கடைசி நல்ல நேரம். அங்கே மழை பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையும், பிறகு செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி நவம்பர் வரையும். மழை விட்டு நிலம் காயக் காய மிருகங்கள் ஏரியை ஒட்டி வரும். ஆனால் கிறிஸ்துமஸ் லீவு என்பதால் அறையை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், விடிகாலையில் நம் மார்கழியைவிடக் குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் அவசியம்.

கடைசியாக, ஆனால் முதலில் செய்ய வேண்டியது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை ஊசி என்று நினைத்து ஏமாற வேண்டாம், இது வேறு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டதற்கு ஓர் அட்டை தருவார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். உகாண்டாவுக்குள் போக அட்டை வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அறுபது தாண்டியவருக்கு ஊசி போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதனால் வாப்பாவை நேரில் அழைத்துப்போய்க் கேளுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் கதை வேறு: ஒரு பயண ஏஜென்ட், "அதெல்லாம் போய் இறங்கிப் பாத்துக்கலாம் சார்" என்றார். நானும் நம்பினேன். ஆன்லைன் விசா விண்ணப்பத்தில் அந்த அட்டையைக் கேட்டபோது கிளம்ப ஆறு நாள்தான் பாக்கி. டிக்கெட் தேதியை மாற்றக் கட்டிய தண்டத்தில் ஏரிக்கரையில் இன்னும் ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம். மலேரியா மாத்திரையும் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டியது, டாக்டரிடம் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன். கச்சான் காற்றிலேயே வல்லம் ஓட்டுவேன். அந்த ஏரியில் நீச்சல் அடிக்கலாமா, நாமே துடுப்பு போட்டுப் போகலாமா?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை, சந்தேகம் தண்ணீர் மேல்தான். நம் கடலில் பயப்பட வேண்டியது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும். அங்கே ஏரி தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடக்கும், உள்ளே முதலை இருக்கும். நீர்யானை முதலையைவிட மோசம். பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து ராத்திரி கரையேறிப் புல் மேயும். அது திரும்பிப் போகிற வழியில், அதற்கும் தண்ணீருக்கும் நடுவே நாம் நின்றுவிட்டால் முடிந்தது கதை. அதனால்தான் ஏரிக்கரையில் கூடாரம் போட்டால் இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் பத்தடிகூட வைக்கக் கூடாது என்கிறார்கள். இது போக, ஆப்பிரிக்க நன்னீர் ஏரிகள் பலவற்றில் நத்தையிலிருந்து வெளியே வரும் ஒரு புழு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, காலை நனைத்தாலே தோல் வழியாக உள்ளே போய்விடும். பில்ஹார்சியா என்று பெயர். மாத்திரை உண்டு, ஆனால் மாதக்கணக்கில் தெரியாமலே இருந்து குடலையும் சிறுநீர்ப்பையையும் கெடுக்கிற நோய். உப்புத்தண்ணீரில் அந்தத் தொல்லை கிடையாது என்பதால் நமக்கு அந்தப் பயமே பழக்கமில்லை.

கை துறுதுறுவென்றிருந்தால் சைக்கிள் எடுங்கள், ரேஞ்சரோடு பூங்காவுக்குள் ஓட்டலாம். குதிரைச் சவாரியும் உண்டு, எல்லை ஓரத்து விடுதியில் ஏற்பாடு செய்கிறார்கள். குதிரை மேல் இருக்கிற ஆளை வரிக்குதிரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, அதனால் நடப்பவரைவிடக் கிட்டப் போகலாம். ராத்திரி வண்டியிலும் போங்கள். விளக்கடித்தால் மரத்தில் இரண்டு சிவப்புக் கண் மின்னும், புஷ்பேபி. நம் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம். அதிர்ஷ்டம் இருந்தால் சிறுத்தை. எனக்கு இருக்கவில்லை, முள்ளம்பன்றி பார்த்தேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன். சித்திரங்குடிக்கும் தேர்த்தங்கலுக்கும் வருஷா வருஷம் பைனாகுலரோடு போகிறேன். இங்கே இல்லாத எதை அங்கே பார்க்கப்போகிறோம்? பூநாரை உண்டா?
(தேவிபட்டினம் வாசகர்)

பதில்: ஐயா, படகில் ஏறியதும் நீங்கள் முதலில் பார்க்கப்போவது நம் ஊருணிக்கரைக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை. அதே பறவைதான், அதே மாதிரி அந்தரத்தில் நின்று இறக்கையடித்துத் தலைகீழாகப் பாயும். எனக்கு அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ள இடம், நீங்கள் தேட வேண்டியது ஃபின்ஃபுட்: சிவப்பு அலகு, சிவப்புக் கால், நீரில் தொங்குகிற கிளைகளின் நிழலிலேயே ஒளிந்து நீந்துகிற ஒரு கூச்சக்காரப் பறவை. அதைப் பார்க்க என்றே ம்புரோவுக்கு வருகிறவர்கள் உண்டு. படகின் கரையோரப் பக்கத்தில் உட்காருங்கள்.

பூநாரைக்கு இந்த ஏரி சரிப்படாது. அதற்கு உவர் ஏரி வேண்டும், கென்யாவின் நகுரு, போகோரியா மாதிரி. நகுருவிலும் பத்துப் பதினைந்து வருஷமாக நீர்மட்டம் ஏறி, உவர் நீர்த்து, பூநாரை தின்கிற பாசி குறைந்து, பெருங்கூட்டங்கள் போகோரியாவுக்கு இடம் மாறிவிட்டன. பழைய போட்டோவைப் பார்த்து நகுருவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே இப்போது காண்டாமிருகம்தான் விசேஷம். பூநாரைக்காக மட்டும் என்றால் குளிர்காலத்தில் தனுஷ்கோடி போதும், பஸ் கட்டணத்தோடு முடியும்.

கேள்வி: வாசலிலேயே மன்னார் வளைகுடா, 21 தீவு, ஆவுளியா என்கிற கடற்பசு எல்லாம் இருக்கும்போது உகாண்டா எதற்கு? இதெல்லாம் பணக்காரர் பெருமை.
(மண்டபம் வாசகர்)

பதில்: பாதி கோபம் நியாயம். பிள்ளையோ உறவோ அங்கே இருந்து, எப்படியும் டிக்கெட் எடுக்கிறவர்களுக்குத்தான் நான் எழுதினேன். இந்த ஒரு பூங்காவுக்காகக் கடன் வாங்கிப் போகச் சொல்ல மாட்டேன். நம் மன்னார் வளைகுடாப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர், ம்புரோவோ 370தான்.

ஆனால் மண்டபத்துக்காரரான உங்களுக்கு ம்புரோவின் கதை பழகிய கதையாக இருக்கும். 1983இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது, தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த பஹீமா மக்களை இழப்பீடு இல்லாமல் வெளியேற்றினார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் ஆட்சி கலகலத்தபோது அவர்கள் திரும்பி வந்தார்கள், கோபத்தில் மிருகங்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். மிருகம் இருந்தால்தானே பூங்கா என்பார்கள் என்ற கணக்கு. பிறகு அரசு இறங்கிவந்து பரப்பைக் குறைத்தது, இப்போது வாசல் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. 2015இல் 15 ஒட்டகச்சிவிங்கிகளை வேறு பூங்காவிலிருந்து லாரியில் ஏற்றிவந்து விட்டார்கள். தீவுக் கரையில் இறங்கக் கூடாது என்று தடுக்கப்படுகிற நம் பாசி எடுக்கும் பெண்களுக்குக் தீவைச் சுற்றிக் காட்டுகிற குந்துகால் படகுச் சீட்டில் எவ்வளவு பங்கு என்று யாராவது கேட்க வேண்டாமா? புல்வெளியை வேலம் விழுங்கிவிடுகிறது என்று ஆள் வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள் அங்கே. சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கு நிற்கிற மாவட்டத்துக்காரனாக அதையும் சற்றுப் பொறாமையோடுதான் பார்த்தேன்.

கேள்வி: சாப்பாடு எப்படி? ஹலால் கிடைக்குமா?
(ஏர்வாடி வாசகர்)

பதில்: கம்பாலாவில் தாராளமாகக் கிடைக்கும், பூங்கா விடுதியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே அன்றாடச் சாப்பாடு மட்டோக்கே, வாழைக்காயை இலையில் கட்டி ஆவியில் வேகவைத்து மசித்தது. நம் நாக்குக்கு உப்பு உறைப்பு ஒன்றுமே இருக்காது, ஊறுகாய் பாட்டில் கொண்டுபோங்கள். தெருவில் ரோலெக்ஸ் என்று கேட்டால் முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்திக்குள் சுருட்டித் தருவார்கள், சப்பாத்தி நம் ஆட்கள் கொண்டுபோனதுதான். ஏரிக்கரையில் திலாப்பியாவை முழுசாகப் பொரித்து வைப்பார்கள். வேறொன்றுமில்லை, 1952இல் ஆப்பிரிக்க இனமாக இந்தியாவுக்கு வந்து நம் கண்மாயையெல்லாம் பிடித்துக்கொண்ட ஜிலேபி மீனின் பங்காளிதான். கூட வந்த பாம்பன்காரரிடம் இதைச் சாப்பிடும் முன்னாலேயே சொல்லித் தொலைத்தேன். "கம்மா மீனைத் திங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கு அன்று இரண்டு மீன்.