பிறந்தநாள் பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளில் வீடே கூடி ‘ஹாப்பி பர்த்டே டு யூ’ பாடுகிற காட்சிதான் படத்தின் உயிர். அந்தப் பாட்டு ஒரு அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தம், பணம் கட்டாமல் வெளியிட்டால் வழக்கு வரும் என்கிறார் எடிட்டர். யூடியூபில் போடலாமா? இல்லை, காட்சியை வெட்டிவிடுவதா? – மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வெட்டாதீர்கள். அந்தப் பாட்டுக்கு இப்போது யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் எடிட்டரும் இல்லாததைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2015 வரை அதற்குக் கட்டணம் வசூலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கதை தெரிந்தால் உங்கள் பயம் முழுதாகப் போய்விடும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்று ஒரு ஊர். அங்கே மழலையர் பள்ளி நடத்தியவர் பாட்டி ஹில். (பாட்டி என்பது அவர் பெயர்தான்.) அவருடைய அக்கா மில்ட்ரெட் இசை தெரிந்தவர். அக்கா மெட்டுப் போட, தங்கை வரிகள் எழுதுவார். மெட்டை வகுப்பில் பாடிப் பார்த்து, குழந்தைகளுக்கு எங்கே சிக்குகிறதோ அங்கே மாற்றி, மறுபடி பாடிப் பார்ப்பார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘குட் மார்னிங் டு ஆல்’. காலையில் வகுப்பு தொடங்கும்போது பாடுகிற வணக்கப் பாட்டு. 1893-ல் புத்தகத்தில் அச்சானது.

அந்த மெட்டில் பிறந்தநாள் வாழ்த்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ‘குட்’ என்ற ஓர் அசை இருந்த இடத்தில் ‘ஹாப்பி’ என்று இரண்டு அசை. அதற்காக முதல் ஸ்வரத்தை இரண்டாக உடைத்தார்கள், அவ்வளவுதான் மாற்றம். பெயர் சொல்லிப் பாடும் மூன்றாவது வரியில் மட்டும் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரே தாவல் இருக்கிறது. நம் வீடுகளில் ஆளுக்கொரு சுருதியில் பிசிறுவது அங்கேதான். உங்கள் படத்திலும் பிசிறியிருந்தால் தயவுசெய்து சரிசெய்யாதீர்கள், அதுதான் அழகு.

பிறந்தநாள் வரிகள் 1912-லேயே அச்சில் வந்துவிட்டன. ஆனால் 1935-ல்தான் சம்மி என்ற பதிப்பு நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிவு செய்தது. அந்த உரிமை பல கை மாறி, 1988-ல் வார்னர் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. படத்திலோ தொலைக்காட்சியிலோ யார் பாடினாலும் கட்டணம்.

2013-ல் இந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுத்த ஜெனிஃபர் நெல்சனிடம் 1,500 டாலர் வாங்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1922-ல் வந்த ஒரு பாட்டுப் புத்தகத்தில் இதே வரிகள் பதிப்புரிமைக் குறிப்பே இல்லாமல் அச்சாகியிருந்தது அந்த வழக்கில் முக்கியச் சான்றாக வந்தது. 1935-ல் பதிவானது பியானோவில் வாசிப்பதற்கான இசைக்கோர்வைகள்தான், பாடல் வரிகளின் உரிமை நிறுவனத்துக்கு வந்ததற்கு ஆதாரமில்லை என்று 2015 செப்டம்பரில் நீதிபதி ஜார்ஜ் கிங் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, பாட்டும் பொதுவானது.

சரி, இந்தியாவில்? நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. மில்ட்ரெட் 1916-லும் பாட்டி ஹில் 1946-லும் காலமானார்கள். எப்படிக் கணக்கிட்டாலும் 2006-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. உங்கள் நடிகர்கள் செட்டில் பாடியதை அப்படியே வைத்தால் பிரச்சினையில்லை. பின்னணிக்கு இணையத்திலிருந்து இறக்கிய கரோக்கியையோ யாரோ பாடிய பதிவையோ சேர்த்தால் சிக்கல்தான். ஒலிப்பதிவுக்கும் இங்கே வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. தமிழில் புதிதாக எழுதிய பிறந்தநாள் பாடல்களும் அப்படித்தான். எழுதியவரிடமும் இசையமைத்தவரிடமும் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். கீபோர்டு வேண்டுமென்றால் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லி, பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் யூடியூபின் தானியங்கி முறை ‘காப்பிரைட் கிளெய்ம்’ அனுப்பலாம். பதறி வீடியோவை நீக்கிவிடாதீர்கள். ஆட்சேபம் பதிவு செய்யும் வசதி அங்கேயே இருக்கிறது. பாட்டு பொதுவுடைமை, குரலும் இசையும் எங்கள் சொந்தப் பதிவு என்று இரண்டே வரியில் எழுதுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். செட்டில் பதிவு செய்த மூல ஒலிக்கோப்பை அதுவரையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், சட்டம் கேட்காதது. படத்தின் கடைசி டைட்டிலில் ‘மெட்டு: மில்ட்ரெட் ஹில்’ என்று ஒரு வரி போடுங்கள். இத்தனை வீடுகளில் பாடியும் அந்தப் பெயரை நாம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.