மகளின் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: முதலில் ஃபோர்க்கைப் பாருங்கள்

ஒன்பது வயது மகளின் 24 அங்குல மலை சைக்கிளில் வி-பிரேக்கை (சக்கர விளிம்பை இருபுறமும் அழுத்தும் பிரேக்) கழற்றிவிட்டு, குறைந்த செலவில் டிஸ்க் பிரேக் (சக்கர நடுவில் உள்ள வட்டத் தட்டைப் பிடிக்கும் பிரேக்) போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் வாங்கும் முன் சைக்கிள் அருகே உட்கார்ந்து பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது காலில், அச்சுக்கு அருகே காலிப்பரை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி) மாட்ட இரண்டு துளைகள் இருக்கின்றனவா? சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் டிஸ்க்கைத் திருக ஆறு துளைகளோ, டிஸ்க்கைச் செருகி மாட்டும் சென்டர்லாக் பல்வெட்டோ இருக்கின்றனவா? இல்லையென்றால் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள். நல்ல பிரேக் கட்டையும் புதுக் கம்பியும் போட்டால் வி-பிரேக்கே வண்டியை நன்றாக நிறுத்தும்.

இவை இருந்தால் ஷிமானோ எம்டி200 போன்ற, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் எளிய ஹைட்ராலிக் பிரேக்கைத்தான் வாங்கச் சொல்வேன். கம்பியால் இயங்கும் டிஸ்க் மலிவுதான். ஆனால் கம்பியில் தூசியும் துருவும் ஏறினால் பிரேக் பிடியை (லீவர்) இழுக்கக் கனத்துவிடும். என் மகன் நீண்ட இறக்கத்தில் நான்கு விரல்களாலும் இழுத்து, கை வலித்து அழுதான். ஹைட்ராலிக்குக்கு மாற்றிய பிறகு இரண்டு விரல் போதுமாக இருக்கிறது. 160 மி.மீ. டிஸ்க்கே தாராளம்.

பொருத்தியதும் லீவரில் உள்ள சிறு திருகைத் திருகி, பிடியை அவள் விரலுக்கு எட்டும்படி நெருக்கி வையுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் புது பேட் முதலில் சரியாகப் பிடிக்காது. சமதளத்தில் நீங்களே இருபது முப்பது முறை ஓட்டி, மெல்ல நிறுத்திப் பழக்கிவிட்டு அவளிடம் கொடுங்கள்.