பகடையை நீங்கள் உருட்டுங்கள், கூட்டலைக் கணினி பார்க்கட்டும்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் வாரம் ஒருமுறை டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதைப்பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். மூன்று பேர் ஒரே வீட்டு மேசையில், இரண்டு பேர் வேறு ஊர்களில். வரைபடம், அதில் நகரும் டோக்கன், பாத்திரத்தின் திறன்களைக் குறித்துவைக்கும் கேரக்டர் ஷீட் எல்லாம் ஃபவுண்ட்ரி என்ற ஆன்லைன் ஆட்ட மென்பொருளில். பட்டனைத் தட்டி எண் பார்ப்பது சப்பென்று இருக்கிறது, கையிலிருக்கும் பகடைகளையே உருட்ட ஆசை. போன வாரம் முயன்றோம். ஒரே குழப்பம், ஒரு சண்டைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. தூரத்தில் இருப்பவர் சொல்லும் எண்ணை எப்படி நம்புவது என்றும் ஒருவர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஆசை நியாயமானதுதான். தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டையை உள்ளங்கையில் உரசி உருட்டும் அந்த ஒரு நொடிக்காகத்தானே ஆட்டமே.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் எங்கள் மேசையிலும் அதுதான் நடந்தது. நண்பர் ஒருவர் டிராகனை வெட்டினார். டி20, அதாவது இருபது முகப் பகடையில் விழுந்தது 11. அவருடைய மோடிஃபையர், அதாவது திறமைக்காகக் கூட்டும் எண், 7. மனதுக்குள் கூட்டி 18 என்று மென்பொருள் எண் கேட்கும் பெட்டியில் தட்டினார். மென்பொருள் தன் பங்குக்கு இன்னொரு 7 சேர்த்து 25 என்று காட்டியது. டிராகனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 19. ஒரு புள்ளியில் தவற வேண்டிய அடி அமோகமாக விழுந்துவிட்டது. இரண்டு சுற்று கழித்துத்தான் கண்டுபிடித்தோம், அதற்குள் டிராகன் செத்தே போய்விட்டது.

அதனால் முதல் ஒப்பந்தம் இது: பெட்டியில் போடுவது பகடையின் முகத்தில் தெரியும் எண் மட்டும். கூட்டல், கழித்தல், ‘20 விழுந்தால் கிரிட்டிக்கல்’ (கூடுதல் பலமான அடி) எல்லாம் மென்பொருளின் வேலை.

ஃபவுண்ட்ரியில் இதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது. 2024-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், அமைப்புகளில் பகடைக்கென்று தனிப் பகுதி உண்டு. டி4, டி6, டி20 என ஒவ்வொரு வகைக்கும், மென்பொருள் உருட்டட்டுமா, நீங்களே எண்ணை உள்ளிடுகிறீர்களா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கையால் உள்ளிடுவதாக வைத்தால், ஷீட்டில் வாளைத் தட்டியதும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து ‘என்ன விழுந்தது’ என்று கேட்கும். இந்த அமைப்பு அவரவர் பிரவுசரில்தான் சேமிக்கப்படும். லேப்டாப்பை மாற்றினால் மறுபடி வைக்க வேண்டியிருக்கும். ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெட்டியே வரவில்லை என்றால், கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) அனுமதிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எண்ணைக் கையால் உள்ளிடும் உரிமை அங்கே தனியாகத் தரப்படுகிறது.

டி20-ஐ மட்டும் கைக்கு மாற்றுங்கள், மற்றவற்றை அப்படியே விடுங்கள் என்பது என் யோசனை. பதற்றம் முழுக்க டி20-இல்தான் இருக்கிறது. ஃபயர்பால் மந்திரம் போட்டால் எட்டு டி6. எட்டையும் உருட்டி, எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்டி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடுவார். கை நிறையப் பகடை அள்ளி வீசும் சுகம் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், வீசட்டும். அவர் மொத்தத்தைச் சொன்னால் கேம் மாஸ்டர் அடிபட்டவரின் டோக்கனில் உயிர்ப் புள்ளிகளைக் கழித்துக்கொள்வார், பெட்டிக்கே வேலையில்லை.

இன்னொரு விஷயம். மேசையில் மூன்று பேர் என்கிறீர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப், அதுவும் கேம் மாஸ்டர் முன்னால் என்றால், எல்லா எண்ணையும் அவரே தட்டியிருப்பார். நேரம் இரண்டு மடங்கானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேசையில் இருப்பவர்கள் அடிப்பதற்கான எண்ணை உள்ளிடவே தேவையில்லை. மோடிஃபையரையும் கூட்டி ‘பதினெட்டு’ என்று உரக்கச் சொன்னால் போதும், கேம் மாஸ்டர் பட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். தவறிய அடிக்குப் பதிவு எதற்கு?

ஃபவுண்ட்ரிக்குப் பதில் ரோல்20 என்ற இணையதளத்தில் ஆடுகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சாட்டில் ரோல் கட்டளைக்குப் பின்னால் 14+7 என்று தட்டினால் 21 என்று எல்லோருக்கும் தெரியும். அடிக்கடி வேண்டுமென்றால் மேக்ரோவாக (சேமித்து வைக்கும் கட்டளை) எழுதிக்கொள்ளலாம்: கட்டளைக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி, அதையடுத்து நெளிவு அடைப்புக்குள் ‘விழுந்த எண்’ என்ற சொற்கள், கடைசியில் +7. தட்டியதும் எண்ணைக் கேட்டுவிட்டுக் கூட்டித் தரும். ஆனால் அது வெறும் எண்தான் என்பதால் 20 போட்டாலும் கிரிட்டிக்கல் என்று தானாகத் தெரியாது. வாயால்தான் கத்த வேண்டும். 20 விழுந்தவர் கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், கைப் பகடையால் நிஜமாகவே கெடும் ஒன்று இருக்கிறது: ரகசிய உருட்டல். மென்பொருளில் ஒருவர் உருட்டியதை கேம் மாஸ்டர் மட்டும் பார்க்கும்படி மறைக்கலாம். சொந்தக் கையால் உருட்டியவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஒளிந்துகொள்ள உருட்டி 3 விழுந்ததைப் பார்த்த பிறகு யாரும் தைரியமாக நடைபாதையில் நடக்க மாட்டார். நான் செய்வது, உருட்டலைத் தள்ளிப்போடுவது. ‘ஒளிந்துகொள்கிறேன்’ என்றதும் சரி என்று விட்டுவிடுகிறேன். காவலன் மூலை திரும்பி அவர் பக்கம் பார்க்கும்போதுதான் ‘இப்போது உருட்டு’ என்கிறேன். எண்ணை வைத்துத் திட்டம் போட அவருக்கு நேரமில்லை, மேசையில் மூச்சுச் சத்தம் கூடக் கேட்காது. பொறி இருக்கிறதா என்று தேடுவது போன்றவற்றை மட்டும் கேம் மாஸ்டரே மறைவாக உருட்டிக்கொள்ளலாம்.

இனி நம்பிக்கை. நண்பர்கள் என்றால் கேமரா வேண்டாம் என்பேன். பொய் சொல்லி வாங்கிய 20-இல் அவருக்கே சுவை இருக்காது. அந்நியர்களோடு ஆடும் மேசை என்றால் கேமரா வைப்பதில் தப்பில்லை. பழைய ஃபோன் ஒன்றை டப்பாக்களின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். ஆனால் கண்ணாடி போல மின்னும் பகடையில் தங்க எழுத்து இருந்தால் விளக்கொளியில் ஒன்றும் தெரியாது. கறுப்பில் வெள்ளை எழுத்துள்ள சாதாரணப் பகடைதான் கேமராவுக்கு நல்லது. 6-க்கும் 9-க்கும் அடியில் கோடு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். குரல் அழைப்பில் உள்ள சத்தக் குறைப்பு வசதி பகடை உருளும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். எதிர்முனையில் வெறும் மௌனம். உருட்டினாரா, யோசிக்கிறாரா என்றே தெரியாது. அதை அணைத்தால் ஒலி போகும். அப்போது வெறும் எவர்சில்வர் தட்டில் மட்டும் உருட்டாதீர்கள், ஹெட்ஃபோன் போட்டவர் காது போய்விடும். தட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் அருமையான பகடைத் தட்டு.

விழுந்த எண்ணைத் தானே ப்ளூடூத்தில் அனுப்பும் மின்னணுப் பகடைகளும் இருக்கின்றன: பிக்சல்ஸ், கோடைஸ் போன்றவை. தட்டுகிற வேலை மிச்சம். ஆனால் விலை அதிகம், சார்ஜ் போட வேண்டும், ஐந்து பேருக்கும் வாங்குவது பெரிய செலவு. டி20-ஐ மட்டும் கையால் ஆடி ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தூரத்தில் இருக்கும் இருவருக்கும் உருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டிய விதி ஒன்று பாக்கி. பகடை புத்தகத்தில் சாய்ந்து நின்றாலோ தரையில் விழுந்தாலோ என்ன கணக்கு? எங்கள் வீட்டில் தரை செல்லாது, சாய்ந்ததும் செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். தரையில் விழுந்தது 20-ஆக இருந்தாலும் அதே விதிதான், அழுதாலும் மாற்றமில்லை.