இலங்கை மலையகத்தில் காட்டுக்குள் நடந்துபோய் வாலில்லாக் குரங்குகளைப் பார்க்க முடியுமா?

முடியாது. கொரில்லாவும் சிம்பன்சியும் ஆப்பிரிக்காவில், ஒராங்குட்டான் சுமாத்திரா, போர்னியோ தீவுகளில். இங்கே வாலில்லாதது தேவாங்குதான். அது வேறு இனம், இரவில்தான் நடமாடும்.

ஆனால் ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகை இருக்கிறதே, அதற்காகவே நடக்கலாம். உலகில் வேறெங்கும் கிடையாது. நுவரெலியாக் குளிருக்கு ஏற்றபடி அடர்ந்து நீண்ட மயிர். கரடிக் குரங்கு என்றே வெள்ளைக்காரன் பெயர் வைத்துவிட்டான். ஹக்கல பூங்காவை ஒட்டிய காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நல்ல இடங்கள்.

விடியற்காலையில் போங்கள். ஆண் மந்தி கரகரவென்று குரைப்பதுபோல் கத்தும், அடுத்த கூட்டத்து ஆண் பதில் கொடுக்கும். சத்தம் வந்த பக்கம் மெதுவாக நடந்து, நின்று, மேலே பாருங்கள். உடம்பு இலைக்குள் மறைந்திருக்கும். கீழே தொங்கும் நீள வால்தான் காட்டிக்கொடுக்கும். இலைதான் முக்கிய உணவு. அதைச் செரிக்க வயிற்றுக்கு நேரம் வேண்டும், அதனால் தின்றுவிட்டு ஒரே கிளையில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும்.

உச்சந்தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் மயிருள்ள செங்குரங்கைத் தேடவே வேண்டாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கே வரும், பையிலிருக்கும் பிஸ்கட்டுக்கு மணம் பிடிக்கும். தீனி மட்டும் போடாதீர்கள். பிறகு தோட்டத்துச் சனம்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.